பிரிட்ஜ்: ஏலத்தில் கேட்டது ஆட்டத்தில் உதவும்

பிரிட்ஜ் நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. 52 சீட்டும் ஆளுக்கு 13 வீதம் பிரித்துப் போடப்படும். ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் வரிசையாக ஆளுக்கொரு சீட்டுப் போட, அந்த நான்கும் சேர்ந்தது ஒரு பிடி. இறக்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், அல்லது வேண்டாத சீட்டு ஒன்றைக் கழிக்கலாம். ஏஸ்தான் பெரியது, அடுத்து ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று 2 வரை இறங்கும். மொத்தம் 13 பிடிகள். 304, இருபத்தெட்டு ஆகியவற்றைப் பழகியவர்களுக்கு ஏலமும் துருப்பும் புதிதல்ல. அங்கே ஜாக்கிக்கு உள்ள முதலிடம் இங்கே ஏஸுக்கு என்பதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விதிகளைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கூட்டங்கள் 63,501 கோடிக்கும் மேல். ஏலம் நடக்கும்போது ஒவ்வொருவரும் பார்ப்பது தம் 13 சீட்டை மட்டுமே. ஏலம் முடிந்து முதல் சீட்டு இறங்கியதும், ஏலத்தை வென்றவரின் கூட்டாளி தம் கையை மேசைமேல் விரித்து வைப்பார். இந்தத் திறந்த கைக்கு டம்மி என்று பெயர். வென்றவர், அதாவது டிக்ளேரர், இரண்டு கைகளையும் தாமே ஆடுவார். அப்போதும் 26 சீட்டு மறைவாகவே இருக்கும். அவை யாரிடம் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க இரண்டே வழிகள்: ஒவ்வொரு பிடியிலும் விழும் சீட்டைக் கவனிப்பது, ஏலத்தில் யார் என்ன கேட்டார், யார் கேட்காமல் விட்டார் என்பதை நினைவில் வைப்பது. ஏலம் முடிந்ததும் அதை மறந்துவிடும் ஆட்டக்காரர் கையிலிருக்கும் தகவலில் பாதியை வீசிவிடுகிறார்.

எவ்வளவு கேட்பது

ஏலத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்ணும் ஓர் இனமும் உண்டு. அந்த எண்ணோடு 6-ஐக் கூட்டினால் எத்தனை பிடி எடுக்க ஒப்புக்கொள்கிறார்கள் என்பது தெரியும். “2 ஆட்டின்” என்றால் ஆட்டினைத் துருப்பாக வைத்து 8 பிடி. “3 நோ டிரம்ப்” என்றால் துருப்பே இல்லாமல் 9 பிடி. வரிசையில் கிளாவர் அடியில், அதற்கு மேல் டைமன், ஆட்டின், இஸ்பேடு; எல்லாவற்றுக்கும் மேலே நோ டிரம்ப். 1 கிளாவர் தொடங்கி 7 நோ டிரம்ப் வரை 35 கேள்விகள். இவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள் ஆகிய மூன்றையும் சேர்த்தால் 38. இந்த 38-ஐத் தவிர வேறு எதையும் வாயால் சொல்லவோ, முகத்தால் காட்டவோ அனுமதி இல்லை. ஒரு கேள்விக்கு ஜோடி எந்தப் பொருளையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. எதிரணி கேட்டால் விளக்கியாக வேண்டும்.

கையின் பலத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளிகள். மில்டன் வொர்க் என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்கிய இந்தக் கணக்கைப் பின்னர் சார்லஸ் கோரன் தம் நூல்கள் மூலம் உலகெங்கும் பரப்பினார். சராசரிக் கைக்கு 10 புள்ளி. 12 அல்லது 13 இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம் என்பது பொது வழக்கம். நீளமான இனம் இருந்தால் நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புள்ளி சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டு கைகளிலும் சேர்த்து 25 புள்ளி தேறினால், கேம் எனப்படும் 4 ஆட்டின், 4 இஸ்பேடு, 3 நோ டிரம்ப் ஆகியவற்றை எட்ட வாய்ப்பு நன்றாக இருக்கும். 12 பிடி எடுக்கும் ஸ்லாமுக்கு ஏறத்தாழ 33 வேண்டும்.

இந்த எல்லைகள் ஏன் முக்கியம் என்பது மதிப்பெண் முறையில் இருக்கிறது. 1920-கள் வரை பரவலாக ஆடப்பட்ட ஆக்‌ஷன் பிரிட்ஜில், கேட்டதற்கு மேல் எடுத்த பிடிகளும் கேமுக்குக் கணக்காயின. அதனால் குறைவாகக் கேட்டு நிறைய எடுப்பதில் நஷ்டமில்லை. 1925-ல் ஒரு கப்பல் பயணத்தின்போது ஹரோல்ட் வாண்டர்பில்ட் வகுத்த மதிப்பெண் முறை இதை மாற்றியது. கேட்ட பிடிக்குத்தான் கேம், ஸ்லாம் வெகுமதி. இன்றைய காண்டிராக்ட் பிரிட்ஜ் அதிலிருந்து வந்தது.

இப்போதைய கணக்குப்படி ஆறு பிடிகளுக்கு மேல் ஒவ்வொரு பிடிக்கும் கிளாவர், டைமனில் 20. ஆட்டின், இஸ்பேடில் 30. நோ டிரம்பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30. கேட்ட பிடிகளின் மதிப்பு 100-ஐத் தொட்டால் அது கேம். போட்டிகளில் கேமுக்கு வெகுமதி 300. அந்த ஆட்டத்தில் ஜோடி வல்னரபிள் என்று குறிக்கப்பட்டிருந்தால் 500. கேமை எட்டாத ஒப்பந்தத்துக்கு 50 மட்டுமே. ஒப்பந்தம் தோற்றால் குறையும் ஒவ்வொரு பிடிக்கும் எதிரணிக்கு 50. வல்னரபிள் என்றால் 100.

இரண்டு மேசைகளில் ஒரே சீட்டை ஆடும் அணிப் போட்டியில் இந்த எண்களிலிருந்து ஒரு தெளிவான முடிவு பிறக்கிறது. வல்னரபிள் ஜோடி ஒன்று 4 ஆட்டின் கேட்டு ஜெயித்தால் 620. அடுத்த மேசையில் 3 ஆட்டினோடு நின்று அதே 10 பிடி எடுத்தவர்களுக்கு 170. வித்தியாசம் 450. அணிப் போட்டியின் அட்டவணையில் அதற்கு 10 புள்ளி லாபம். ஒரு பிடி குறைந்து தோற்றால் மைனஸ் 100. அடுத்த மேசையில் பிளஸ் 140. வித்தியாசம் 240, அதற்கு 6 புள்ளி நஷ்டம். ஜெயித்தால் 10, தோற்றால் 6. ஆகவே வெற்றி வாய்ப்பு 37.5 சதவீதத்தைத் தாண்டினாலே கேம் கேட்பது லாபம். வல்னரபிள் இல்லாதபோது லாபம் 6, நஷ்டம் 5. அப்போது 45 சதவீதத்துக்குச் சற்று மேல் வேண்டும். தேர்ந்தவர்கள் சந்தேகமான கேம்களைத் துணிந்து கேட்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஒரு கை, ஒரு பாஸ்

ஏலமும் ஆட்டமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதை ஒரு கையை வைத்துப் பார்க்கலாம். டிக்ளேரராகப் போகிறவர் தெற்கு, டம்மி வடக்கு.

தெற்கு
இஸ்பேடு: 8, 3
ஆட்டின்: ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 6, 4
டைமன்: ஏஸ், ராணி
கிளாவர்: ராஜா, 10, 5

வடக்கு
இஸ்பேடு: 9, 7, 4
ஆட்டின்: ராஜா, 8, 5
டைமன்: 8, 6, 5, 2
கிளாவர்: ஏஸ், ஜாக்கி, 3

சீட்டுப் போட்டவர் மேற்கு. ஏலத்தில் முதல் வாய்ப்பும் அவருக்கே. அவர் பாஸ் சொல்கிறார். வடக்கும் கிழக்கும் பாஸ். தெற்கு 1 ஆட்டின் கேட்கிறார். மேற்கு மறுபடியும் பாஸ். வடக்கிடம் 8 புள்ளி, துருப்பில் மூன்று சீட்டு. 6 முதல் 9 புள்ளிவரை உள்ள கைக்கு உரிய பதில் 2 ஆட்டின், அதையே சொல்கிறார். கிழக்கு பாஸ்.

இப்போது தெற்கு முடிவெடுக்க வேண்டும். அவரிடம் 16 புள்ளி. ஆறு சீட்டு ஆட்டினுக்காக மேலும் 2. கூட்டாளியிடம் 6 முதல் 9. மொத்தம் 24-லிருந்து 27 வரை. கூட்டாளியின் கை மோசமாக இருந்தாலும் எல்லைக்கு ஒரு புள்ளிதான் குறைவு. 3 ஆட்டின் என்று கேட்டு, முடிவைக் கூட்டாளியிடம் தள்ளிவிட வேண்டிய அவசியம் இல்லை. நேரே 4 ஆட்டின். எல்லோரும் பாஸ். தெற்கு 10 பிடி எடுக்க வேண்டும், மூன்றைத்தான் இழக்கலாம்.

டிக்ளேரரின் கணக்கு

மேற்கு இஸ்பேடு ஏஸை இறக்குகிறார். டம்மி விரிகிறது. தேர்ந்த டிக்ளேரர் டம்மியிலிருந்து முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்பே எங்கெல்லாம் பிடி போகும் என்று எண்ணிப் பார்ப்பார். இஸ்பேடில் இரண்டு நிச்சயம் போகும். துருப்பில் எதுவும் போகாது. டைமனில் ராஜா வெளியே இருப்பதால் ஒன்று போகலாம். கிளாவரில் ராணி வெளியே இருப்பதால் அங்கும் ஒன்று போகலாம். ஆக நான்கு அபாயங்கள். ஒன்றைத் தவிர்த்தாக வேண்டும்.

டைமனில் செய்யக்கூடியது ஃபினெஸ். வடக்கிலிருந்து ஒரு சிறிய சீட்டை இறக்கி, கிழக்கு சிறியதைப் போட்டால் தெற்கு ராணியைப் போடுவது. ராஜா கிழக்கிடம் இருந்தால் ராணி பிடிக்கும். மேற்கிடம் இருந்தால் பறிபோகும். வாய்ப்பு பாதிக்குப் பாதி. கிளாவரில் ஃபினெஸை இரண்டு பக்கமும் செய்யலாம். ராணி கிழக்கிடம் என்று நினைத்தால் வடக்கிலிருந்து இறக்கி 10-ஐப் போட வேண்டும். மேற்கிடம் என்று நினைத்தால் தெற்கிலிருந்து இறக்கி ஜாக்கியைப் போட வேண்டும். தவறாக ஊகித்தால் ஒரு பிடி போகும். இதுவும் பாதிக்குப் பாதி. இரண்டில் ஒன்று பலித்தால் போதும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் வெற்றி வாய்ப்பு 75 சதவீதம். வேகமாக ஆடுபவர் இதோடு திருப்தியடைந்துவிடுவார்.

ஆட்டம் தொடர்கிறது. மேற்கு இரண்டாவதாக இஸ்பேடு ராஜா, மூன்றாவதாக இஸ்பேடு ஜாக்கி. தெற்கு அதை ஆட்டின் 4-ஆல் வெட்டுகிறார். பிறகு ஆட்டின் ஏஸ், ராணி, அடுத்து 6-ஐ இறக்கி டம்மியின் ராஜா. எதிரணியின் துருப்பு நான்கும் போயின. ஆட்டம் டம்மி கையில். டைமன் 2 இறங்குகிறது. கிழக்கு 3 போட, தெற்கு ராணி. மேற்கின் ராஜா அதைப் பிடிக்கிறது. மேற்கு டைமன் 10-ஐத் திருப்பி இறக்க, தெற்கின் ஏஸ் பிடிக்கிறது.

மூன்று பிடிகள் போய்விட்டன. இனி கிளாவரில் ஒன்றும் போகக் கூடாது. ராணி யாரிடம்? அனுபவம் குறைந்தவர் இப்படி நினைக்கக்கூடும்: பெரிய சீட்டெல்லாம் மேற்கிடமே வந்திருக்கின்றன; ராணியும் அங்கேதான் இருக்கும். அந்த எண்ணம் தலைகீழானது. மேற்கு இதுவரை காட்டியவை இஸ்பேடு ஏஸ், ராஜா, ஜாக்கி, டைமன் ராஜா. கூட்டினால் 11 புள்ளி. கிளாவர் ராணியும் இருந்திருந்தால் 13. ஏலத்தை முதலில் தொடங்க வாய்ப்பு இருந்தும் பாஸ் சொன்னவர் மேற்கு. 13 புள்ளியை வைத்துக்கொண்டு யாரும் பாஸ் சொல்வதில்லை. எனவே ராணி கிழக்கிடம்.

தெற்கு கிளாவர் 5-ஐ இறக்கி டம்மியின் ஏஸால் பிடிக்கிறார். பிறகு டம்மியிலிருந்து 3. கிழக்கு 6 போட, தெற்கு 10. அது நிற்கிறது. அடுத்து ராஜா, மீதி துருப்புகள். 10 பிடிகள்.

இந்த ஆட்டத்தின் அழகு வரிசையில் இருக்கிறது. முதலில் டைமன் ஃபினெஸ். ராஜா கிழக்கிடம் இருந்திருந்தால் ஒப்பந்தம் அங்கேயே ஜெயித்திருக்கும். மேற்கிடம் இருந்ததால் பிடி போனது. ஆனால் அந்த நஷ்டமே கிளாவர் ராணியைக் காட்டிக்கொடுத்தது. எப்படிப் பார்த்தாலும் தெற்கு ஜெயிக்கிறார். கிளாவரை முதலில் தொட்டிருந்தால் ராணியைப் பற்றிய தகவல் கிடைக்குமுன்பே முடிவெடுக்க வேண்டி வந்திருக்கும். 75 சதவீத ஒப்பந்தம் ஏறத்தாழ நிச்சயமாக மாறியதற்கு ஒரு பாஸும், அதை மறக்காத நினைவும் காரணம்.

சதவீதமும் குறிப்பும்

வெளியே இருக்கும் சீட்டுகள் எதிரணியின் இரண்டு கைகளில் எப்படிப் பிரிந்திருக்கும் என்பதற்கு நிலையான கணக்குகள் உண்டு. ஐந்து சீட்டு வெளியே இருந்தால் 3–2 ஆகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு. 4–1 ஆக 28. நான்கு சீட்டு வெளியே இருந்தால் 3–1 ஆகப் பிரிய 50 சதவீதம். 2–2 ஆக 41. ஆறு சீட்டு வெளியே இருந்தால் 4–2 ஆகப் பிரிய 48 சதவீதம். 3–3 ஆக 36 மட்டுமே. வெளியே இருக்கும் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் சமமாக ஒட்டிப் பிரியும்; இரட்டைப்படையானால் ஒருபக்கம் சாயும் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் போதும். வெளியே இரண்டே சீட்டு இருக்கும்போது மட்டும் 1–1 சற்று முந்தும்.

இந்தச் சதவீதங்கள் வேறு தகவல் இல்லாதபோதுதான் கடைசி வார்த்தை. உதாரணமாக, ஏஸ், ராஜா, ஜாக்கி உட்பட ஒன்பது சீட்டு தம் ஜோடியிடம் இருந்து ராணி மட்டும் வெளியே இருந்தால் என்ன செய்வது? முதலில் ஏஸை அடித்துப் பார்த்து, பிறகு ராஜாவையும் அடித்து ராணி விழும் என்று எதிர்பார்ப்பதற்கு 58 சதவீத வாய்ப்பு. ஏஸுக்குப் பிறகு ஜாக்கியால் ஃபினெஸ் செய்வதற்கு 56. வித்தியாசம் வெறும் இரண்டு. எதிரணியில் ஒருவர் ஏலத்தில் வேறோர் இனத்தில் ஆறு சீட்டு இருப்பதாகக் காட்டியிருந்தால், இந்த இனத்துக்கு அவர் கையில் இடம் குறைவு. ராணி மற்றவரிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஒரு குறிப்பே இரண்டு சதவீத வித்தியாசத்தை அழித்து, முடிவை மாற்றப் போதும்.

நோ டிரம்ப் ஆட்டத்தில் முடிவின் தன்மை வேறு. எதிரணி தன் நீளமான இனத்தை இறக்க, டிக்ளேரரிடம் அந்த இனத்தில் ஏஸும் இரண்டு சிறிய சீட்டும், டம்மியில் இரண்டு சீட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏஸை உடனே போடுவது பெரும்பாலும் தவறு. 7-லிருந்து இரண்டு கைகளிலும் உள்ள அந்த இனச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் எத்தனை முறை பொறுக்க வேண்டும் என்பது கிடைக்கும். இங்கே 5-ஐக் கழிக்க 2. மூன்றாவது முறை ஏஸைப் போடும்போது, வெளியே இருந்த எட்டும் 5–3 ஆகப் பிரிந்திருந்தால், மூன்று வைத்திருந்தவரிடம் அந்த இனம் தீர்ந்துவிடும். பிறகு அவர் பிடித்தாலும் கூட்டாளிக்கு அதை அனுப்ப முடியாது.

எதிரணியின் வேலை

டிக்ளேரரை விடக் கடினமான வேலை எதிரணிக்கு. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடியாது. முதல் சீட்டை இறக்குபவர் டம்மியைக்கூடப் பார்க்காமல் இறக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் வழிகாட்டி ஏலம் ஒன்றே. கூட்டாளி கேட்ட இனம், எதிரிகள் ஒரு முறைகூடக் கேட்காத இனம், அவர்கள் தயங்கித் தயங்கிக் கேமுக்கு ஏறினார்களா, நேரே பாய்ந்தார்களா என்பதெல்லாம் அதில் அடங்கும்.

நோ டிரம்புக்கு எதிராகத் தம் நீள இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டை இறக்குவது பழைய வழக்கம். அதிலிருந்து கூட்டாளி ஒரு கணக்குப் போடலாம். இறக்கிய சீட்டின் எண்ணை 11-லிருந்து கழித்தால், மற்ற மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டு எத்தனை என்பது கிடைக்கும். 7 இறங்கினால் மீதி 4. டம்மியில் இரண்டு, தம் கையில் இரண்டு தெரிந்தால், டிக்ளேரரிடம் 7-ஐ மிஞ்சும் சீட்டு ஒன்றுகூட இல்லை.

தகவல் கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, மறைப்பதும் அவ்வளவு முக்கியம். மேற்சொன்ன 4 ஆட்டினில் மேற்கின் கை இது: இஸ்பேடு ஏஸ், ராஜா, ஜாக்கி, 6, ஆட்டின் 9, 7, 3, டைமன் ராஜா, 10, 4, கிளாவர் 9, 7, 2. மூன்றாவது பிடியில் ஜாக்கிக்குப் பதில் 6-ஐ இறக்கியிருந்தால், தெற்கு எப்படியும் வெட்டித்தான் இருப்பார். ஆனால் ஜாக்கி யாரிடம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. கண்ணால் பார்த்தவை ஏஸ், ராஜா, பிறகு டைமன் ராஜா: 10 புள்ளிதான். கிளாவர் ராணியைச் சேர்த்தாலும் 12. அந்த அளவுக் கையைச் சிலர் பாஸ் செய்வார்கள். தெற்கின் நிச்சயம் வெறும் ஊகமாகச் சுருங்கியிருக்கும். தேவையில்லாமல் காட்டிய ஒரு ஜாக்கி ஒப்பந்தத்தையே கொடுத்துவிட்டது.

இதே காரணத்தால்தான் தெற்கு, கிளாவரைத் தொடும் முன் எதிரணியின் வழக்கத்தைக் கேட்டறிவது நல்லது. 10 புள்ளியிலேயே ஏலத்தைத் தொடங்கும் ஜோடிகள் உண்டு. கட்டுப்பாடாக 13-க்குக் காத்திருப்பவர்களும் உண்டு. பாஸின் பொருள் அதைச் சொன்னவரின் வழக்கத்தைப் பொறுத்தது.

அணிப் போட்டியும் ஜோடிப் போட்டியும்

போட்டி பிரிட்ஜில் அதே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆட வைப்பதால் நல்ல கை வந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது; எஞ்சி நிற்பது முடிவுகளின் வித்தியாசம். அணிப் போட்டிகளில் பெரியது 1950-ல் தொடங்கிய பெர்முடா பவுல். 2015-ல் இது சென்னையில் நடந்தது, போலந்து வென்றது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் பிரிட்ஜ் இடம்பெற்றபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வென்றது.

இரண்டு வகையிலும் விதிகள் ஒன்றே. சரியான முடிவு மட்டும் மாறும். அணிப் போட்டியில் கேட்டதற்கு மேல் எடுக்கும் ஒரு பிடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புள்ளி. தோற்ற கேமால் போவது 10 புள்ளிக்கு மேல் ஆகலாம். ஆகவே 3 நோ டிரம்பில் ஒன்பது பிடி கையில் இருக்கும்போது, பத்தாவதுக்காக ஒப்பந்தத்தையே பணயம் வைக்கும் ஃபினெஸை அணி ஆட்டக்காரர் செய்யமாட்டார். வழக்கமான ஜோடிப் போட்டியில் வித்தியாசத்தின் அளவுக்கு மதிப்பில்லை. எத்தனை மேசைகளை முந்தினோம் என்பதுதான் கணக்கு. எல்லோரும் 3 நோ டிரம்ப் ஆடும் இடத்தில் 630 எடுத்தவர் 600 எடுத்த அத்தனை பேரையும் முந்திவிடுவார். அங்கே ஃபினெஸ் பலிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று தெரிந்தால், ஒப்பந்தம் தோற்கும் அபாயம் இருந்தாலும் அதைச் செய்தாக வேண்டும். ஒரே கை, ஒரே சீட்டு. அணிப் போட்டியில் பேராசையாக இருப்பது ஜோடிப் போட்டியில் கட்டாயமாகிவிடும்.